உள்ளங்காலில் கட்டிய பூண்டு

2024ஆம் ஆண்டு தீபாவளி கழிந்து வந்த திங்கட்கிழமை மாலை, மார்த்தாண்டத்தில் உள்ள என் சிறிய அச்சகத்தில் ஒரு கல்யாண அழைப்பிதழுக்குப் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணி வரை எனக்கு ஒன்றுமில்லை. ஆறு மணிக்குக் கடை ஷட்டரை இழுத்து இறக்கக் கையில் வலுவில்லை. இடுப்பும் தொடையும் அடித்துப்போட்டது போல் வலித்தன, பல் கிட்டியது. வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்ததால், காலையில் நனைந்த தடுமன்தான் ஏறுகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு திருவட்டாறு பக்கத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனேன். மனைவி மகளின் பேறுகாலத்துக்காகப் பெங்களூரு சென்று மூன்று வாரமாகியிருந்தது. வீட்டில் நான் மட்டும். எனக்கு வயது 57. சர்க்கரை நோய் வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நடந்த அத்தனைக்கும் இவையே வேர்.

அன்று எனக்குத் தெரியாத ஒன்றை இப்போது தெரிந்து வைத்திருக்கிறேன். சாதாரணத் தடுமன் மெல்ல மெல்ல வரும்: முதல் நாள் தொண்டை கரகரக்கும், மறுநாள் மூக்கு ஒழுகும், தும்மல் வரும், காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். இன்ஃப்ளூயன்சா என்னும் ஃப்ளூ காய்ச்சல் அப்படி அல்ல. எத்தனை மணிக்கு வந்தது என்று கடிகாரம் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய அளவுக்குத் திடீரென்று வரும். கடுங்காய்ச்சலும் உடல்வலியும் வறட்டு இருமலும் முதலில் நிற்கும், மூக்கு ஒழுகுவது அவ்வளவாக இருக்காது. ஐந்து மணிக்கும் ஆறு மணிக்கும் நடுவில் வந்த காய்ச்சலை நான் தடுமன் என்று அழைத்தது முதல் பிழை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மழைக்காலக் காய்ச்சல் என்றால் டெங்குவும் எலிக்காய்ச்சலும்கூட வரிசையில் நிற்கின்றன என்பதை, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்த நான் மறந்தது அதைவிடப் பெரிய பிழை.

இரவு மனைவி தொலைபேசியில் அழைத்தாள். "குரலு ஒரு மாதிரி இருக்கே, என்ன செய்யுது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, சின்னத் தடுமன்தான்" என்றேன். மகளுக்கு அந்த வாரம்தான் நாள் குறித்திருந்தார்கள். நான் காய்ச்சலில் கிடப்பது தெரிந்தால் மனைவிக்கு அங்கும் இருப்புக்கொள்ளாது, இங்கும் வர முடியாது. மறைத்தது அன்பினால்தான். ஆனால் அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அடுத்த ஐந்து நாள் நான் யாரையும் அழைக்கவில்லை. அண்டைவீட்டார் கேட்டபோதும் அதையே சொன்னேன். தனியாக இருப்பவர்கள் காய்ச்சல் வந்த அன்றே குறைந்தது ஒருவரிடமாவது உண்மையான சூட்டு அளவைச் சொல்லி வையுங்கள், பெங்களூரில் இருப்பவரிடம் வேண்டாமென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடமாவது.

செவ்வாயன்று மருந்துக்கடையில் காய்ச்சலுக்கு என்று கேட்டதும், பெயர் எழுதாத சிறு உறையில் நான்கு வேளைக்கு மாத்திரை போட்டுக் கொடுத்தார்கள். என்ன மாத்திரை என்று நான் கேட்கவில்லை. விழுங்கியதும் காய்ச்சல் இறங்கும். ஐந்து மணி நேரத்தில் மறுபடி ஏறும். அந்த இடைவெளிகளில் எனக்கு வீட்டு வைத்தியத்தின் மீது ஒரு வெறியே வந்துவிட்டது. சுக்கும் நல்லமிளகும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்த சுக்குக் காப்பியை நாளைக்கு ஐந்தாறு முறை குடித்தேன். சீனிதான் கூடாது, கருப்பட்டி நல்லது என்று நம்மூரில் பலரும் சொல்வதை நானும் நம்பியிருந்தேன். கருப்பட்டியும் சர்க்கரைதான். காய்ச்சலே சர்க்கரையை ஏற்றிவிடும் நேரத்தில் நான் அதன்மீது கருப்பட்டியையும் ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தது; அதில் செருகும் பட்டை தீர்ந்திருந்தது. வாங்கவில்லை.

இனிப் பூண்டுக்கு வருகிறேன். என் அம்மா அதை வெள்ளைப்பூடு என்பார். கேரள எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் இருக்கும் உறவினர்கள் வெளுத்துள்ளி என்பார்கள். பெயர் எதுவானாலும் எங்கள் வீட்டில் சளிக்கு முதல் மருந்து அதுதான். அந்த வாரம் சந்தையில் பூண்டு கிலோ 400 ரூபாயை ஒட்டி விற்றது. நான் அதிலும் வீரியமானது வேண்டும் என்று கொடைக்கானல் மலைப்பூண்டு கால் கிலோ வாங்கினேன். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு, சிறிய பற்கள், கண்ணை உறுத்தும் காரம். காலையில் வெறும் வயிற்றில் நான்கு பல்லைப் பச்சையாக நசுக்கி, மார்த்தாண்டத் தேனில் குழைத்து விழுங்கினேன். நெஞ்செரிச்சல் மதியம் வரை நின்றது. எரிகிறதென்றால் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எரிச்சலை மருந்தின் வீரியமாக நினைக்கும் இந்தப் பழக்கம்தான் என்னை அடுத்த தவறுக்கும் கொண்டுபோனது.

புதன்கிழமை மாலை கைபேசியில் ஒரு காணொளி வந்தது. பூண்டை அரைத்து உள்ளங்காலில் வைத்துக் காலுறை போட்டுக்கொண்டு தூங்கினால், விடிவதற்குள் சளி முழுவதையும் அது இழுத்துவிடும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னார். எனக்கு அது புதிதாகவும் படவில்லை, ஏனென்றால் சிறுவயதில் என் அம்மாவும் பூண்டை என் உள்ளங்காலில் தேய்த்ததுண்டு. அம்மா செய்ததுதானே என்ற நினைப்பில் ஆறேழு பல்லை அம்மியில் வைத்துத் தட்டினேன். பிசுபிசுவென்று வந்த விழுதை வலது உள்ளங்காலின் நடுவிலும் பெருவிரலுக்குக் கீழேயும் அப்பி, மேலே ஒரு பாலித்தீன் துண்டைச் சுற்றி, கம்பளிக் காலுறையை இழுத்து மாட்டினேன். இடது காலுக்கு வைக்க விழுது மிஞ்சவில்லை, எழுந்து தட்டத் தெம்பும் இல்லை. அந்தச் சோம்பலுக்கு இன்றும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். இரவு பத்து மணிக்குக் கட்டியதை விடிகாலை ஆறு மணிக்குத்தான் அவிழ்த்தேன். எட்டு மணி நேரம். நடுவில் ஒருமுறைகூட எரியவில்லை.

காலுறையைக் கழற்றும்போது பாலித்தீனோடு சேர்ந்து ஏதோ வழுக்கியது. காலை மடக்கித் திருப்பிப் பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக ஒரு கொப்புளம், உள்ளே மஞ்சள் நீர் ஆடியது. நடுப்பாதத்தில் தோல் வெளுத்துச் சுருங்கி, ஓரம் முழுவதும் செக்கச்சிவந்திருந்தது. நான் பயந்தது கொப்புளத்தைக் கண்டு அல்ல. விரலால் அதைத் தொட்டபோது விரலுக்குத்தான் ஈரம் தெரிந்தது, காலுக்கு எதுவும் தெரியவில்லை. அப்போதும் மருத்துவமனைக்குப் போகவில்லை. கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வடித்தேன், தேங்காயெண்ணெய் தடவினேன், பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினேன். இவை மூன்றும் செய்யக் கூடாதவை என்று பின்னால் தெரிந்தது. பூண்டால் தோல் வெந்துவிட்டால் உடனே அதை எடுத்துவிட்டு, குழாயில் ஓடும் சாதாரணத் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, எண்ணெய் எதையும் பூசக் கூடாது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரை நோயாளியின் கால் என்றால் அன்றே போக வேண்டும்.

நான் வியாழனையும் வெள்ளியையும் படுக்கையில் கழித்தேன். வெள்ளிக்கிழமைதான் அந்தக் கல்யாண அழைப்பிதழ் கொடுக்க வேண்டிய நாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன் நவம்பர் இறுதியில் நடக்கவிருந்த கல்யாணம் என்பதால் அவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. பெண்ணின் தந்தை இரண்டு முறை அழைத்துவிட்டு வேறு அச்சகத்துக்குப் போய்விட்டார். அவர்மீது எனக்கு வருத்தமே இல்லை. சனிக்கிழமை காலை மாடிப்படியில் நான்கு படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அப்போதுதான் எங்கள் முக்கில் ஆட்டோ ஓட்டும் தம்பியை அழைத்தேன். அவன் வந்து கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இத வச்சுக்கிட்டு ரெண்டு நாளா வீட்லயா கெடந்திய?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மருத்துவமனை போய்ச் சேரும் வரை என்னிடம் பதிலில்லை.

மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. சர்க்கரை 342. விரலில் மாட்டிப் பார்த்ததில் ஆக்சிஜன் 93. மூக்கில் எடுத்த மாதிரியில் இன்ஃப்ளூயன்சா ஏ என்று வந்தது, எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் சிறிய நிழல் தெரிந்தது. ஃப்ளூவுக்கான ஓசல்டாமிவிர் மாத்திரை, காய்ச்சல் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நன்றாகப் பலன் தரும் என்றார் மருத்துவர். நான் சர்க்கரை நோயாளி, மூச்சும் வாங்குகிறது என்பதால் தாமதமானாலும் அதைத் தொடங்கினார். நான் பூண்டும் கருப்பட்டியுமாகக் கழித்தது சரியாக அந்த 48 மணி நேரத்தைத்தான். சர்க்கரை, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோர் ஃப்ளூ போன்ற காய்ச்சலுக்கு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இவர்களுக்கு ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளத் தடுப்பூசி இருக்கிறது என்பதும் எனக்கு அங்கேதான் தெரிந்தது.

பிறகு அந்தப் பெண் மருத்துவர் மெல்லிய நைலான் இழை பொருத்திய ஒரு குச்சியை எடுத்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "இப்போ தெரியுதா?" என்று கேட்டார். இரண்டு காலிலும் பாதி இடங்களில் அவர் தொட்டதே எனக்குத் தெரியவில்லை. புண்ணில்லாத இடது காலிலும் அப்படித்தான். பதினோரு ஆண்டுச் சர்க்கரை, கால் நரம்புகளைச் சத்தமில்லாமல் தின்றிருக்கிறது. எரிச்சல் தெரியும் கால் என்றால் பத்து நிமிடத்தில் பூண்டை எடுத்து எறிந்திருப்பேன். அந்தச் சோதனை இரண்டு நிமிட வேலை. சர்க்கரைக்கு மாத்திரை வாங்கப் போகும்போது ஆண்டுக்கு ஒருமுறையாவது காலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் பதினோரு ஆண்டுகளில் ஒருமுறையும் கேட்டதில்லை.

அம்மா செய்ததைத்தானே நானும் செய்தேன் என்று அவரிடம் முறையிட்டேன். அம்மா எப்படிச் செய்வார் என்று கேட்டார். இரும்புக் கரண்டியில் தேங்காயெண்ணெய் விட்டு, நாலு பல் பூண்டும் கொஞ்சம் ஓமமும் போட்டு, அடுப்பில் காட்டிப் பூண்டு பொன்னிறம் தாண்டிச் சிவக்கும் வரை காய்ச்சுவார். பிறகு பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு, நான் அவசரப்பட்டால் "பொறு மக்கா, சூடு ஆறட்டும்" என்று சொல்லி, தன் புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் தேய்ப்பார். இதைச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கே விளங்கியது: நான் செய்தது அம்மாவின் வைத்தியமே அல்ல. முழுப் பூண்டுப் பல்லில் அந்தக் காரம் இல்லை. நசுக்கும்போதுதான் அல்லின் என்ற பொருளும் அதைப் பிளக்கும் நொதியும் ஒன்றுசேர்ந்து, சில நொடிகளில் அல்லிசின் உண்டாகிறது. தன்னைக் கடிக்க வரும் பூச்சிகளுக்குப் பூண்டுச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. சூடு பட்டால் நொதி செத்துப்போகும், காரம் அடங்கும். எண்ணெய் மீதியைத் தணிக்கும். பச்சை விழுதை வைத்துக் காற்றுப் புகாமல் கட்டினால் அத்தனை வீரியமும் தோலுக்குள் இறங்கி, தீ இல்லாமலே வேகவைத்துவிடும். குழந்தைகளின் நெஞ்சிலும் காலிலும் பச்சைப்பூண்டு வைத்துக் கட்டி இதே போன்ற புண்ணோடு வருகிறார்கள் என்றார். அம்மா பூண்டைச் சிவக்கவைத்ததை நான் மணத்துக்காக என்று நினைத்திருந்தேன்.

பூண்டே பயனற்றது என்று நான் சொல்ல வரவில்லை. மருத்துவமனையில் படுத்திருந்த மூன்று நாளில் இதைத் தேடித் தேடிப் படித்தேன். இங்கிலாந்தில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில் 146 பேருக்குப் பன்னிரண்டு வாரம் தினமும் அல்லிசின் உள்ள மாத்திரையோ வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பூண்டு மாத்திரை எடுத்தவர்களுக்கு 24 முறை தடுமன் வந்தது, மற்றவர்களுக்கு 65 முறை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வந்துவிட்ட தடுமன் ஆற எடுத்துக்கொண்ட நாட்களில் பெரிய வேறுபாடில்லை. தடுமனுக்குப் பூண்டு பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் குழுவின் மதிப்பீட்டில் தரமாக நடந்ததென்று தேறியது இந்த ஒன்றுதான்; ஒற்றை ஆய்வை வைத்து முடிவு சொல்ல இயலாது என்று எழுதியிருக்கிறார்கள். அதுவும் தடுமன் வருவதற்கு முன் மூன்று மாதம் விடாமல் எடுத்ததைப் பற்றியது. காய்ச்சல் வந்த பிறகு நான்கு பல்லை விழுங்குவதற்கு அதில் ஆதாரம் எதுவும் இல்லை. கோவிட் தொடங்கிய 2020இல், பூண்டு நல்ல உணவுதான், ஆனால் அந்தக் கிருமியிலிருந்து அது காக்கும் என்பதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இதே தொனியில்தான்.

இன்னொன்றையும் மருத்துவர் துருவிக் கேட்டார்: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? நான் எடுக்கவில்லை. ஆனால் ஸ்டென்ட் வைத்த என் அண்ணன் எடுக்கிறார், அவருக்கும் நான்தான் தேன்பூண்டு பரிந்துரைத்திருந்தேன். பச்சைப்பூண்டை அதிகமாக உண்டால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவது குறையும்; ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு அது ரத்தக்கசிவைக் கூட்டலாம். அறுவைச் சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ போகிறவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டெங்குவாக இருக்குமோ என்ற ஐயம் உள்ள காய்ச்சலில் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரைகளைத் தொடவே கூடாது என்பதால், பெயரில்லாத உறையில் வந்த என் மாத்திரைகளைப் பற்றி அவர் வைத்த கேள்விக்கு நான் தலைகுனிந்தேன். ரசத்தில் போடும் பூண்டைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

மூன்று நாள் படுக்கை, சோதனைகள், மருந்து எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய். வீடு திரும்பிய பின் அங்கேயே நான்கு முறை கட்டுப் போட்டதற்கு 1,400, ஆட்டோவுக்கு 2,300, கைவிட்டுப்போன அழைப்பிதழ் வேலை 9,500. ஆக 31,800 ரூபாய், கடை பூட்டிக் கிடந்த 19 நாளின் சில்லறை வேலைகளைச் சேர்க்காமல். பூண்டுக்குக் கொடுத்தது 100 ரூபாய்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் தெருவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவரும் சகோதரி என் கட்டைப் பார்த்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசே இல்லையே என்று சொன்னார். அதன் பிறகு அங்கேதான் போனேன். புண் முழுவதும் மூட ஏழு வாரம் பிடித்தது. காலை ஊன்றாமல் இருப்பதுதான் பாதி மருந்து என்று அங்கிருந்த செவிலியர் ஒவ்வொரு முறையும் சொல்வார், ஒவ்வொரு முறையும் நான் நடந்தே போயிருப்பேன்.

இடையில் பேத்தி பிறந்தாள். மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபோது அவள் அழுததைவிட, தொலைபேசியை வைத்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்ததுதான் எனக்கு வலித்தது. குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்க மார்த்தாண்டத் தேன் கொடுத்துவிட வேண்டும் என்று நான் ஆசையாக வாங்கி வைத்திருந்தேன். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் ஆகாது, அதில் இருக்கக்கூடிய போட்டுலினம் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும் என்று பெங்களூரு மருத்துவமனையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதே கிருமிதான் எண்ணெயில் பச்சைப்பூண்டை ஊறப்போட்டு அடுப்பங்கரையில் வாரக்கணக்கில் வைத்தாலும் வளரும். 1985இல் கனடாவின் வான்கூவரில் அப்படி வெளியில் வைத்திருந்த பூண்டெண்ணெயால் 36 பேர் நோயுற்றிருக்கிறார்கள். மணமோ சுவையோ மாறாது என்பதால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பூண்டெண்ணெய் வேண்டுமென்றால் அன்றன்று தேவைக்குக் காய்ச்சிக்கொள்ளலாம், அம்மா செய்ததும் அப்படித்தான்.

மனைவி பிப்ரவரியில் வந்தாள். இப்போது சளி பிடித்தால் பூண்டு வாணலிக்குத்தான் போகிறது. நல்லமிளகும் சீரகமும் தட்டும்போதே பூண்டையும் தட்டிப் பத்து நிமிடம் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு ரசத்தில் போடுகிறோம். அப்படி வைத்தால் சூட்டுக்குப் பிறகும் அதன் சத்து ஓரளவு தங்கும் என்பதால். சூடான ரசம் தொண்டைக்கு இதமாக இருக்கிறது, மூக்கடைப்பு இளகுகிறது, அவ்வளவு போதும். சுக்குக் காப்பி கருப்பட்டி இல்லாமல். அலமாரியில் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, சர்க்கரைப் பட்டை மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கின்றன. இரவு படுக்கும் முன் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பிடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். பெருவிரலுக்குக் கீழே தோல் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. அங்கே தொட்டால் எனக்குத் தெரிவதில்லை, அதனால் மனைவியும் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறாள்.